பஸிலின் கண்களும் மனுவெலின் காதுகளும்

1975 ஒக்ரோபர் 3, வெள்ளிக்கிழமை இரவு, பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் அரைமணிநேர நகைச்சுவை நாடகம் ஒன்று ஒளிபரப்பாகியது. 'ஃபோல்ரி ரவர்ஸ்' என்ற தொடரின் மூன்றாவது பகுதி அது. பெயர் 'திருமண விருந்தினர்'. கடற்கரை நகரமொன்றில் விடுதி நடத்தும் ஒரு முதலாளி, தனது விடுதிக்கு வந்த ஒரு மரியாதையான குடும்பத்தை ஒழுக்கங்கெட்ட கூட்டமென்று தவறாக விளங்கிக்கொள்கிறான். கதை இவ்வளவுதான். தொடர் முழுவதிலும் பன்னிரண்டே பகுதிகள். 1975ல் ஆறு, 1979ல் ஆறு. ஆயினும் 2000ஆம் ஆண்டில் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் தயாரித்த, பிரித்தானியத் தொலைக்காட்சியின் தலைசிறந்த நூறு நிகழ்ச்சிகளின் பட்டியலில் இத்தொடரே முதலிடம் பெற்றது.

ஒரு வெள்ளைக்காரச் சிரிப்பு நாடகத்தைப் பற்றி நாம் ஏன் எழுதவேண்டும்? அது ஓர் உணவகத்தைப் பற்றிய நாடகம் என்பதும், அங்கே வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு பரிமாறுபவன் இருக்கிறான் என்பதும் ஒரு காரணம். ஐரோப்பிய நகரங்களின் உணவகங்களில் கோப்பை கழுவியும், கிழங்கு சீவியும், தட்டுச் சுமந்தும் எம்மவர்கள் கழித்த ஆண்டுகளைக் கூட்டினால் ஒரு யுகம் வரும். வாடிக்கையாளர் இருக்கும் மேசையிலிருந்து இந்நாடகத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். நாம் அதனைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்க விரும்புகிறோம். அங்கிருந்து பார்க்கையில் ஒரு கேள்வி எழுகிறது. பிழையாக விளங்கிக்கொள்பவர் யார்? அதற்காக அடி வாங்குபவர் யார்?

*

முதலில் கதை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள ரோர்க்கி நகரில் பஸில் ஃபோல்ரியும் அவனது மனைவி சிபிலும் ஒரு சிறு விடுதியை நடத்துகிறார்கள். பொலி என்ற பெண்ணும், பார்சிலோனாவிலிருந்து வந்த மனுவெலும் அங்கே பணியாளர்கள். ஒரு மாலை அலன், ஜீன் என்ற இளஞ்சோடி வந்து இருவர் படுக்கும் அறை கேட்கிறது. இருவருக்கும் திருமணமாகவில்லை என்பது பஸிலுக்குத் தெரியவருகிறது. அத்தகைய அறை தரமுடியாது, சட்டம் இடங்கொடாது என்கிறான்.

அந்தக் கணத்திலிருந்து பஸிலின் கண்கள் வேறெதையும் காண மறுக்கின்றன. மருந்துக்கடை இன்னும் திறந்திருக்குமா என்று அலன் கேட்கிறான். பஸிலின் மனம் உடனே கருத்தடைச் சாதனத்துக்குப் போய்விடுகிறது. அலனுக்குத் தேவைப்பட்டதோ மின்சாரச் சவரக் கருவிக்குப் பற்றறி. பின்னர் ஜீனின் தாயும், தாயின் இரண்டாவது கணவரான லோயிட்டும் வந்து சேர்கிறார்கள். ஜீன் அந்த மனிதரை அன்போடு கட்டியணைப்பதைப் பஸில் காண்கிறான். பொலி ஜீனின் பழைய சிநேகிதி. அவள் அவர்களது அறைக்குப் போய்வருவதையும் காண்கிறான். தந்தை மகள் உறவும் சிநேகிதமும் அவனது கண்ணில் ஒரே வர்ணத்தில்தான் தெரிகின்றன. ஈற்றில் விடுதியை விட்டு வெளியேறுமாறு அவர்களிடம் சொல்லிவிடுகிறான்.

இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பதைச் சிபில் அவனுக்கு எடுத்துச்சொல்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போகவேண்டியதாகிறது. போனவன் என்ன சொல்கிறான்? தன் மனைவி பெருந்தவறு இழைத்துவிட்டாள் என்கிறான். பிழை அவனுடையது, பழி அவளுடையது.

இதற்கிடையே பஸிலுக்கு ஒரு சோதனையும் வருகிறது. விடுதியில் தங்கியுள்ள பென்வார் என்ற பிரெஞ்சுப் பெண், பழம்பொருள் வணிகம் செய்பவள், அவனுடன் கொஞ்சிப் பேசுகிறாள். இரவில் உடுத்தும் மேலங்கிக்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள சொல்லே அவளுக்குப் பெயராக வைக்கப்பட்டிருப்பது நாடகாசிரியர்களின் பகிடி. மற்றவர்களின் ஒழுக்கத்துக்குக் காவல் நிற்கும் பஸில் அவளிடம் குழைகிறான், அதேவேளை நடுங்குகிறான். சிபில் வெளியே தங்கியிருக்கும் இரவில் கதவு தட்டப்படும்போது வந்திருப்பது அந்தப் பெண்தான் என்றெண்ணித் தடுமாறுகிறான். வந்தவள் சிபில். பின் கீழே சத்தம் கேட்க, கள்வனென்று நினைத்து இறங்கிப்போய் இருட்டில் தாச்சியால் அடிக்கிறான். அடி விழுந்தது மனுவெலின் தலையில். காற்சட்டை இல்லாமல் மனுவெலின் மேல் அமர்ந்திருக்கும் பஸிலை, வெளியே போய்த் திரும்பிவரும் அதே குடும்பத்தார் கண்டு திகைத்து நிற்பதுடன் நாடகம் முடிகிறது. இப்போது அவர்கள் அவனைப்பற்றி என்ன நினைப்பார்கள்?

*

இத்தொடரை எழுதியவர்கள் ஜோன் கிளீஸ், கொனி பூத் என்ற தம்பதியினர். கிளீஸ் பஸிலாகவும் பூத் பொலியாகவும் நடித்தார்கள். சிபிலாக நடித்தவர் புரூனெல்லா ஸ்கேல்ஸ். கதையின் விதை 1970ல் விழுந்தது. 'மொன்ரி பைதன்' என்ற நகைச்சுவைக் குழுவினர் படப்பிடிப்புக்காக ரோர்க்கியில் 'கிளெனீகிள்ஸ்' என்ற விடுதியில் தங்கினார்கள். அதன் உரிமையாளர் டொனால்ட் சின்கிளேயர், விருந்தினர் என்போர் தமக்கு இழைக்கப்பட்ட ஓர் இடைஞ்சல் என்பதுபோல நடந்துகொண்டார். அமெரிக்கரான ரெரி கில்லியம் முள்ளுக்கரண்டி பிடிக்கும் முறையைக் குறைகூறினார். எரிக் ஐடிலின் பையில் குண்டு இருக்கக்கூடுமென்று நினைத்து அதனைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். பையில் இருந்தது ஒரு மணிக்கூடு. குழுவிலிருந்த மற்றவர்கள் வேறு விடுதி தேடிப் போய்விட, கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கியிருந்து அந்த மனிதரை அவதானித்தார். பின்னர் பூத்தும் வந்து சேர்ந்துகொண்டார்.

ஆக, இத்தொடரின் மூலக்கதையே ஒரு தவறான ஊகம்தான். பையைத் திறந்து பார்க்கவோ, பைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவோ ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க மறுப்பதுதான் பஸில் என்ற பாத்திரத்தின் உயிர்நாடி. 1974ல் இதன் எழுத்துப்பிரதியை வாசித்த பி.பி.சி. அதிகாரி ஒருவர், பழகிப்போன பாத்திரங்களின் தொகுப்பு இது, பெருந்தோல்வியாகவே முடியும் என்று குறிப்பெழுதினார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அவரும் ஊகித்தவர்தான்.

*

பஸில் சட்டத்தைக் காட்டி அறை மறுக்கும் இடம் வரலாற்று ரீதியில் கவனிக்கத்தக்கது. 1975ல் அப்படியொரு சட்டம் இங்கிலாந்தில் இருக்கவில்லை. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவது குற்றமாக இருக்கவில்லை. ஆனால் வழக்கம் இருந்தது. அதற்கு முந்திய தலைமுறையில் இத்தகைய சோடிகள் விடுதிப் பதிவேட்டில் கணவன் மனைவியென்று பொய்ப்பெயர் எழுதித் தங்கிப்போனார்கள். உரிமையாளர்களும் அறிந்தும் அறியாததுபோல இருந்தார்கள்.

அந்த வழக்கம் உடைந்துகொண்டிருந்த வேளையில்தான் இந்நாடகம் வருகிறது. 1969ல் நிறைவேறிய மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1971 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்து, மணமுறிவை இலகுவாக்கியது. 1974ல் தேசிய சுகாதாரசேவை, மணமானவரா ஆகாதவரா என்று பாராமல் கருத்தடைச் சாதனங்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாயின் இரண்டாவது கணவரும், மணமாகாத மகளும், அவளது துணைவனும் ஒன்றாகப் பயணம்செய்யும் குடும்பம் அன்றைய இங்கிலாந்தில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த குடும்பம். அதை வாசிக்கத் தெரியாத பழைய இங்கிலாந்துதான் பஸில். தன் சங்கடத்துக்குச் சட்டம் என்று பெயர் சூட்டுகிறான். அதிகாரத்தில் இருப்பவன் தன் வெறுப்பைத் தன்னுடையதென்று ஒப்புக்கொள்வதில்லை. 'நான் என்ன செய்ய, சட்டம் அப்படி' என்பான். இந்த வாக்கியத்தை எத்தனை கருமபீடங்களின் முன்னால் நின்று நாம் கேட்டிருக்கிறோம்!

பின்னர் நடந்தது இன்னொரு விசித்திரம். 2008ல் கோர்ன்வோல் பகுதியில், பஸிலின் கற்பனை விடுதிக்கு அதிக தூரமில்லாத இடத்தில், ஒரு சிறு விடுதியின் உரிமையாளர்கள் இரு ஆண்களுக்கு இருவர் படுக்கும் அறையை மறுத்தார்கள். அவ்விருவரும் சட்டப்படி பதிவுசெய்த இணையர்கள். மணமான ஆண் பெண் சோடிக்கே அத்தகைய அறை என்பது உரிமையாளர்களின் மதநம்பிக்கை. வழக்கு பிரித்தானிய உச்சநீதிமன்றம் வரை போனது. 2013 நவம்பரில் உரிமையாளர்கள் தோற்றார்கள். அறை கொடுப்பதைத் தடுக்கச் சட்டமிருப்பதாகப் பஸில் சொன்ன பொய், முப்பத்தெட்டு ஆண்டுகளில் தலைகீழாகி, அறை மறுப்பதே சட்டவிரோதம் என்றாகியது. அதற்காக வழக்காடியவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

*

காதலையும் காமத்தையும் பிழையாக விளங்கிக்கொள்ளும் நகைச்சுவை நேற்று முளைத்ததல்ல. கிறிஸ்துவுக்கு முற்பட்ட ரோமில் புளோற்றஸ் என்ற நாடகாசிரியர், உருவத்தில் ஒத்த இரட்டைச் சகோதரர்களை வைத்து ஒரு நாடகம் எழுதினார். ஒருவனின் மனைவி மற்றவனைத் தன் கணவனென்று நினைக்கிறாள். சேக்ஸ்பியர் அதே கதையை எடுத்து, எசமானர்களோடு வேலைக்காரர்களையும் இரட்டையராக்கினார். அந்த நாடகம் 1594 டிசெம்பரில் லண்டனில் சட்டம் பயில்வோரின் மன்றமொன்றில் மேடையேறியது பதிவாகியுள்ளது. பிரான்சில் ஜோர்ஜ் ஃபேதோ 1894ல் ஒரு விடுதியைக் களமாக வைத்துக் கள்ளக்காதல் குழப்பங்களின் உச்சத்தை மேடையேற்றினார். கதவுகள் திறப்பதும் மூடுவதும், பார்க்கக்கூடாதவர் பார்க்கக்கூடாத கணத்தில் நுழைவதுமான அந்த இயந்திரத்தைத்தான் கிளீசும் பூத்தும் ரோர்க்கிக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த மரபில் தொடர்ந்து வரும் ஓர் அம்சத்தை விமர்சகர்கள் அவ்வளவாகப் பெரிதுபடுத்துவதில்லை. குழப்பம் எசமானர்களுடையது, உதை வேலைக்காரர்களுக்கு. சேக்ஸ்பியரின் இரட்டை வேலைக்காரர்கள் நாடகம் முழுவதும் தாம் செய்யாத பிழைக்கு அடி வாங்குகிறார்கள். சபையோர் சிரிக்கிறார்கள். எமது மொழியிலும் இதற்கு இணை உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து 1941ல் படமாகிய 'சபாபதி'யில் எசமானனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரச் சபாபதி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வதால் வரும் சிரிப்பு அது. பிழையாக விளங்கிக்கொள்வது வேலைக்காரனின் இயல்பு என்ற கருத்தை மேடையும் திரையும் பலகாலமாக எமக்கு ஊட்டிவந்துள்ளன.

*

இனி மனுவெலிடம் வருவோம். தொடரின் முதலாவது பகுதியிலேயே ஒரு காட்சி உண்டு. தட்டுக்களில் வெண்ணெய் அதிகம் என்று பஸில் ஆங்கிலத்தில் சொல்கிறான். தட்டுக்களைக் குறிக்கும் அந்தச் சொற்கள் மனுவெலின் ஸ்பானியக் காதில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களைப் போல விழுகின்றன. முதலாளி எண்ணிக்கையைப் பிழையாகச் சொல்கிறாரே என்று மனுவெல் திருத்தப் பார்க்கிறான். சிரிப்பு வருகிறது. எமக்கும் வந்தது. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், இங்கே மனுவெல் கவனமின்றி இருக்கவில்லை. மிகுந்த கவனத்தோடு காதுகொடுக்கிறான். ஒலியைத் தனக்குத் தெரிந்த மொழியில் வைத்துப் பொருள்கொள்ள முயல்கிறான். டொச்சோ பிரெஞ்சோ டெனிஷோ கற்றுக்கொண்டிருந்த நாட்களில் நாமெல்லோரும் செய்தது இதைத்தான்.

பஸிலின் பிழை வேறு வகையானது. அவனுக்கும் அலனுக்கும் ஒரே மொழி. சொற்கள் எல்லாம் விளங்குகின்றன. விளங்கியும் அவன் கேட்பதில்லை. கேட்பதற்கு முன்பே முடிவுகட்டிவிடுகிறான். மனுவெலின் பிழை காதிலிருந்து வருவது, பஸிலின் பிழை கண்ணிலிருந்து வருவது. மனுவெலுடையது ஒரு விளக்கத்தால் தீரும். பஸிலுடையது விளக்கத்தாலும் தீராது. இருந்தும் அந்த விடுதியில் முட்டாளென்று பெயரெடுப்பவன் மனுவெல்தான். எது பிழைத்தாலும் அவன் பார்சிலோனாக்காரன் என்பதே விருந்தினருக்குச் சொல்லப்படும் சமாதானம். தனக்கு ஸ்பானிய மொழி தெரியுமென்று பெருமையடிக்கும் பஸில், தன் மொழிக்குறைக்குக்கூட மனுவெலின் வட்டாரப் பேச்சைத்தான் குற்றஞ்சாட்டுகிறான்.

1975 ஒக்ரோபர் 24ல் வெளியான பகுதியில் இது முற்றிப்போகிறது. விடுதியில் தீயணைப்புப் பயிற்சி நடக்கும்போது குசினியில் உண்மையாகவே தீப்பற்றுகிறது. மனுவெல் ஓடிவந்து சொல்கிறான். நெருப்பில்லை, மணி மட்டுந்தான் என்று பஸில் அவனைத் திரும்பவும் குசினிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறான். இம்முறை மனுவெல் எதையும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் உண்மையை அறிந்த ஒரே ஆள் அவன்தான். ஆனால் அரைகுறை மொழியில் சொல்லப்படும் உண்மைக்கு ஆளில்லை.

அடியும் உதையும் வாங்கிக்கொண்டு மனுவெல் ஏன் அங்கேயே கிடக்கிறான் என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு விடை உண்டு. 1971ன் குடிவரவுச் சட்டம் 1973 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி, குறித்த ஒரு முதலாளியிடம் குறித்த ஒரு வேலைக்கென்றே வழங்கப்பட்டது. முதலில் பன்னிரண்டு மாதங்கள், பின் நீடிப்பு. முதலாளியை மாற்ற வேண்டுமானால் மீண்டும் ஒப்புதல் பெறவேண்டும். 1973ல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் பிரித்தானியா சேர்ந்தபோது இத்தாலியருக்கு இந்தத் தளை நீங்கியது. ஸ்பெயின் அதில் சேர்ந்தது 1986ல்தான். முதல் ஆறு பகுதிகளும் ஒளிபரப்பாகியபோது ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடிருந்தார். அவர் இறந்தது 1975 நவம்பர் 20ல். நாடகம் இவற்றையெல்லாம் பேச வரவில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் முதலாளியின் லாச்சிக்குள் இருக்கும்போது ஒரு தொழிலாளி எப்படிச் சிரிப்பான், எப்படித் தலையாட்டுவான் என்பதை நாம் அறிவோம்.

பின்னாளில் ஸ்பெயினில் இத்தொடரை மொழிமாற்றிக் காட்டியபோது மனுவெலை இத்தாலியனாக்கிப் பாவ்லோ என்று பெயரிட்டார்கள். கற்றலோனியத் தொலைக்காட்சியில் அவன் மெக்சிக்கோக்காரனானான். தம்மவன் அடிவாங்குவதைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் மனமில்லை. அடுத்த ஊரான் என்றால் சிரிக்கலாம். இத்தாலியனாக இருந்திருந்தால் அவனுக்கு அந்த அனுமதிப்பத்திரமே தேவைப்பட்டிராது என்பது இதிலுள்ள முரண்.

*

மனுவெலாக நடித்த அன்ட்ரூ சக்ஸ் ஸ்பானியர் அல்ல. 1930ல் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் கத்தோலிக்கர். 1938ல் தந்தை நாசிகளால் கைதுசெய்யப்பட்டு, பின் விடுவிக்கப்பட, குடும்பம் அதே ஆண்டில் லண்டனுக்குத் தப்பியோடியது. எட்டு வயதில் மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்கிய அகதிச் சிறுவன்தான், பிற்காலத்தில் மொழி தெரியாத பரிமாறுபவனாகப் பிரித்தானியாவையே சிரிக்கவைத்தார். ஸ்பானிய உச்சரிப்பு தனக்கு வருமோ என்ற ஐயத்தில், பாத்திரத்தை ஜேர்மானியனாக மாற்றலாமா என்று முதலில் கிளீசிடம் கேட்டிருக்கிறார். அவருக்குக் கைவந்த உச்சரிப்பு அது. அதைக் கேட்டுத்தான் அவர் வளர்ந்தார்.

நடிப்புக்காக விழுந்த அடிகளும் எப்போதும் நடிப்பாக இருக்கவில்லை. 'திருமண விருந்தினர்' பகுதியில் கிளீஸ் அவரை அடித்தது உண்மையான இரும்புத் தாச்சியால். இரண்டு நாட்களாகத் தலையிடி. குசினி தீப்பற்றும் பகுதியில், உடுப்பில் புகை எழுப்பப் பூசிய இரசாயனம் ஊறித் தோலைச் சுட்டுவிட்டது. பி.பி.சி. நட்டஈடாக 700 பவுண் கொடுத்தது. குசினியில் எண்ணெய் தெறித்த தழும்புகளோடு திரிபவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சக்ஸ் 2014ல் வெளியிட்ட தன் வரலாற்று நூலுக்கு 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பெயரிட்டார். மனுவெல் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அது. மனுவெல் சொல்லும்போது பகிடி. ஆனால் சோதனைச்சாவடிகளிலும் விசாரணை அறைகளிலும் உயிரைக் காத்த வாக்கியமும் அதுதான் என்பது எமது மக்களுக்குத் தெரியும்.

*

தொடரின் இரண்டாவது தொகுதி 1979 பெப்ரவரி 19ல் தொடங்கியது. இடையில் 1978ல் கிளீசும் பூத்தும் மணவிலக்குப் பெற்றிருந்தார்கள். பிரிந்துபோன கணவனும் மனைவியும் சேர்ந்து, பிரியாமல் ஒருவரையொருவர் வதைக்கும் கணவன் மனைவியின் கதையை எழுதினார்கள். மார்ச் 26ல் வந்த 'ஆண்டு நிறைவு' என்ற பகுதி இவ்வகையில் முக்கியமானது. முன்னைய ஆண்டு திருமண நாளை மறந்த பஸில், இம்முறை சிபிலுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க இரகசியமாக விருந்து ஏற்பாடு செய்கிறான். மறந்துவிட்டதுபோல நடிக்கிறான். நடிப்பை நிசமென்று நம்பிய சிபில் மனம்நொந்து வெளியேறிவிடுகிறாள். நண்பர்கள் வந்துவிடுகிறார்கள். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, மனைவிக்குச் சுகமில்லை என்கிறான். இருட்டறையில் பொலியைச் சிபிலாகப் படுக்கவைக்கிறான். கடைசியில் உண்மைச் சிபில் திரும்பிவரும்போது, யாரோ அவளைப் போன்ற வேறு பெண் என்று சொல்லி அலுமாரிக்குள் பூட்டுகிறான். குசினியிலோ அன்றைய விருந்துக்குத் தன் ஊர்ச் சோற்றைத் தானே சமைக்கவேண்டும் என்று மனுவெல் சமையற்காரனோடு மல்லுக்கட்டுகிறான். அன்பைச் சொல்லவேண்டிய இடத்தில் அன்பை ஒளித்துவைத்து விளையாடியவனின் கதை இது. பஸில் ஒரேயொருமுறை நல்லது செய்ய முனைந்த இடத்தில், அவனை நம்ப எவரும் இல்லை.

இதே மாதங்களில் பிரித்தானியாவில் இன்னொரு விடயமும் வெளியாகியது. 1979 ஜனவரி 24ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தன் வருங்காலக் கணவரை மணம்முடிக்க வந்த 35 வயதான இந்திய ஆசிரியை ஒருவர், கன்னித்தன்மையைச் சோதிப்பதற்கான உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். ஏற்கனவே மணமான மனைவி முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும், மணமுடிக்க வருபவள் அவ்வாறு பெறவேண்டியதில்லை என்பது அன்றைய விதி. வயது கூடியவளாக இருக்கிறாளே, ஏற்கனவே மனைவியாக இருப்பாளோ என்று ஓர் அதிகாரி ஊகித்தார். இந்தியப் பெண் மணமாகாதவள் என்றால் கன்னியாகத்தான் இருப்பாள் என்பது அடுத்த ஊகம். பெப்ரவரி 1ல் 'கார்டியன்' பத்திரிகை இதனை வெளிப்படுத்தியது. எதிர்ப்பு எழ, அரசு இம்முறையை நிறுத்தியது. 2011ல் பழைய கோவைகளை ஆராய்ந்தவர்கள், 1970களில் இத்தகைய சோதனைக்கு உள்ளான பெண்கள் குறைந்தது எண்பது பேர் என்று கண்டார்கள். அவற்றுட் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்த பிரித்தானிய அலுவலகங்களிலேயே நடந்தன.

பற்றறி கேட்டவனிடம் கருத்தடையைக் கண்ட பஸிலின் கண்ணுக்கும் இந்த அதிகாரியின் கண்ணுக்கும் வித்தியாசம் எங்கே? பஸிலிடம் அரசு இருக்கவில்லை. அதனால் அது நகைச்சுவையாகியது. அதிகாரியிடம் அரசு இருந்தது. மேலும், பஸிலைத் திருத்த ஒரு சிபில் இருந்தாள். அந்த ஆசிரியைக்கு அந்த அறையில் யாரும் இருக்கவில்லை.

சோதனை நின்றாலும் ஊகம் நிற்கவில்லை. 1980களில் பிரித்தானியக் குடிவரவு விதிகளில் 'முதன்மை நோக்கம்' என்றொரு விதி கோலோச்சியது. திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்குள் நுழைவதல்ல என்பதை விண்ணப்பித்தவரே நிரூபிக்கவேண்டும். முதலில் இது கணவன்மாரைக் குறிவைத்தது. இப்படி ஆணுக்கொரு விதி பெண்ணுக்கொரு விதி வைப்பது பாரபட்சம் என்று 1985 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் என்ன செய்தது? விதியை நீக்காமல் மனைவிமாருக்கும் அதை விரித்து, சமத்துவத்தை நிலைநாட்டியது! பஸில் மன்னிப்புக் கேட்ட விதமும் இதுதானே. 1997 ஜூனில்தான் இந்த விதி ஒழிந்தது.

எமது திருமணப் படங்களில் மணமக்கள் சிரிப்பதில்லை. தாலி கட்டும் வேளையில் மணப்பெண் தலை குனிந்திருப்பாள். பேசிச்செய்த கலியாணத்தில் காதற்கடிதங்கள் இராது. இவையெல்லாம் எமக்கு மரியாதை. ஆனால் தம் நாட்டுக் காதலை அளவுகோலாகக் கொண்ட ஒருவரின் மேசைக்கு இந்த அல்பம் போனால், அது இரண்டு அந்நியர்கள் விசாவுக்காக நிற்கும் படமாகத் தெரியக்கூடும். மணமாகாத சோடியிடம் காமத்தைக் கண்ட கண், மணமான சோடியிடம் அன்பில்லாமையைக் காண்கிறது. நேர்முக விசாரணை முடிந்து வருடக்கணக்கில் தனித்தனி நாடுகளில் காத்திருந்த கணவன் மனைவியருக்கு, தவறான ஊகம் என்பது அரைமணி நேரத்தில் முடிந்துபோகும் விடயமாக இருக்கவில்லை.

*

இதனாற்தான் இந்நாடகத்தைக் கீழானது என்று ஒதுக்கிவிட எம்மால் முடியவில்லை. அந்நியனின் மொழியைப் பரிகசிக்கிறது என்று அதன்மேல் குற்றம் சாட்டுவோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் நியாயமில்லாமலும் இல்லை. மனுவெலின் பெயரைச் சொல்லிக் குசினிகளில் கேலிக்கு ஆளானவர்கள் எத்தனைபேரோ. ஆனால் கதையை இறுதிவரை பின்தொடர்ந்தால், அவமானப்பட்டு நிற்பவன் எப்போதும் வீட்டுக்காரனே. கேட்காமல் தீர்ப்பளித்தவன், தானே பிறரின் கண்ணில் தீர்ப்புக்குரிய பொருளாகிறான். முறைப்பாட்டுக் கடிதத்தில் சொல்லமுடியாத ஒன்றைச் சிரிப்பு சொல்லிவிடுகிறது.

ரோர்க்கியின் கிளெனீகிள்ஸ் விடுதி 2015ல் மூடப்பட்டு, 2016ல் இடிக்கப்பட்டது. அதே 2016 நவம்பர் 23ல் அன்ட்ரூ சக்ஸ் காலமானார். விடுதி நின்ற நிலத்தில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதற்குச் சூட்டப்பட்டது விடுதி உரிமையாளரின் பெயரோ, பஸிலின் பெயரோ அல்ல. 'சக்ஸ் லொட்ஜ்' என்பதே அதன் பெயர்.